பூமழைக்கு மதிப்பெண் இல்லை

1975-இல் ஏற்காட்டில் ஏழாம் வகுப்பு படித்தேன். அரையாண்டுப் பரீட்சை பூகோளத் தாளில் ஒரு கேள்வி: காப்பி விளைய ஏற்ற சூழ்நிலைகள் யாவை? ஐந்து மார்க்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, சந்தோஷத்தில். அம்மா எஸ்டேட்டில் பழம் பறிப்பவர். பங்குனி வாக்கில் ஒரு பூமழை விழ வேண்டும், விழுந்தால்தான் செடி பூக்கும். பூத்தபின் இன்னொரு மழை வராவிட்டால் பிஞ்சு நிற்காது. சில்வர் ஓக் நிழல் அதிகமானாலும் ஆகாது, குறைந்தாலும் ஆகாது. அம்மா சாப்பாட்டு நேரத்தில் சொன்னதையெல்லாம் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

தாள் வந்தபோது ஐந்துக்குப் பூஜ்யம். “இதெல்லாம் புத்தகத்துல எங்கடா இருக்கு?” என்று ஆசிரியர் கேட்டார்; உள்ளங்கையில் இரண்டு பிரம்படி. மலைச்சரிவு, வடிகால் உள்ள மண், இத்தனை டிகிரி வெப்பம், இத்தனை சென்டிமீட்டர் மழை என்று நான்கு வரி எழுதியிருந்தால் முழு மார்க். அவர் கொடுமைக்காரர் அல்லர். விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்தினார், அவ்வளவுதான். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே அன்று காப்பி சிவந்து கிடந்தது.

பத்து வருடம் கழித்து சேலத்தில் பி.எட். படித்தேன். டூயி, பியாஜே, புரூனர் என்று பெயர்கள் வந்தன. அனுபவம்தான் கல்வி என்று டூயி சொன்னதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புரூனரும் உடன் ஆய்வாளர்களும் 1976-இல் எழுதிய சாரக்கட்டு என்ற கருத்து இன்னும் நெருக்கமாக வந்து தொட்டது. கட்டடம் எழும்பும்வரை சாரம் நிற்கும், பிறகு அவிழ்த்துவிடலாம். குழந்தைக்குச் செய்யும் உதவியும் அப்படித்தான். அம்மா எனக்குப் பழம் பறிக்கச் சொல்லிக்கொடுத்தது கண்முன் வந்தது. முதல் நாள் அவர் பறித்தார், நான் பார்த்தேன். பிறகு ஒரே செடியில் இருவரும். பிறகு நான் மட்டும். சாயங்காலம் என் பையைச் சாக்கில் கொட்டி, பச்சைக் காய்களை மட்டும் பொறுக்கி என் உள்ளங்கையில் வைப்பார். திட்ட மாட்டார். மூன்றாம் வாரம் வைக்க ஒரு காயும் இருக்கவில்லை. என் அம்மா கைநாட்டு.

அதே கருத்தைப் பரீட்சையில் நான் மனப்பாடம் செய்துதான் எழுதினேன். அம்மாவைப் பற்றி எழுதத் துணிச்சல் வரவில்லை. ஏழாம் வகுப்புப் பிரம்படி அவ்வளவு தூரம் கூட வந்தது.

நான் ஆசிரியரானபின் முறைகள் மாறிக்கொண்டே இருந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் தமிழகத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் வந்தது. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி. படி, மனவரைபடம் வரை, தொகுத்து எழுது, பேசு. நல்ல முறைகள், நான் மனதார ஏற்றுக்கொண்டவை. ஆனால் காப்பியை நடுவில் எழுதி மனவரைபடம் வரையச் சொன்னபோது, எஸ்டேட் லயத்திலிருந்து வந்த பிள்ளைகளே வட்டங்களுக்குள் வடிகால் மண், வெப்பம், மழையளவு என்று புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். அன்று ஒப்பித்தோம், இன்று வட்டம் போட்டு ஒப்பிக்கிறோம். அந்த வகுப்பில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அதற்குப் பிறகு வரலாற்றுச் சான்றுகள் பாடத்தை நான் கல்வெட்டில் தொடங்கவில்லை. “வீட்டில் பாட்டியிடம் கேள், நாம் இந்த மலைக்கு எப்படி வந்தோம்?” என்றேன். மலையாளிப் பிள்ளைகள் (கேரளத்தவர் அல்லர், சேர்வராயன் மலையின் பழங்குடியினர்) மறுநாள் கதையோடு வந்தார்கள். காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் சேர்வராயனுக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் போனார்களாம். ஏன் வந்தார்கள் என்பதில் இரண்டு பிள்ளைகளுக்குள் சண்டையே வந்தது. இரு வீட்டிலும் இரு காரணம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் அச்சிட்ட நூலிலும் இந்தக் கதை இருக்கிறது என்றேன். “அப்ப எங்க ஆயா சொன்னது நிஜமா சார்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் வரலாறு என்றேன். அந்தப் பாடம் நான்கு பீரியட் இழுத்தது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் காப்பியைக் கொண்டுவந்தார் என்ற வரிக்குப் போனபோது அதே சிறுமி மறுபடி கையைத் தூக்கினாள்: “காட்டை வெட்டினது யாரு சார்?”

இப்போது ஓய்வில் இருக்கிறேன். பாடநூல்கள் அழகாகிவிட்டன. விரைவுக் குறியீட்டைச் செல்போனில் காட்டினால் காணொளி வருகிறது. பாடத்துக்குப் பாடம் செயல்பாட்டுக் கட்டம் இருக்கிறது. உங்கள் பகுதியில் விசாரித்து எழுதுக என்கிறது கட்டம். அந்த விசாரணைக்கும் கடையில் விற்கும் நோட்ஸில் தயார் விடை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அப்போதுதான் பழம் பறித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தை வெளி வாழ்க்கையோடு சேர்க்க வேண்டும் என்று 2005-இன் தேசியக் கலைத்திட்டமே சொல்லியிருக்கிறது. கொள்கைக்குக் குறைவில்லை. விடைக்குறிப்பில்தான் இடமில்லை.

மலையில் அரையாண்டுத் தாள் திருத்தும் ஆசிரியத் தோழர்களே, இது பழம் பறிக்கும் மாதம். புத்தகத்தில் இல்லாத ஒரு பதிலை ஏதாவது ஒரு பிள்ளை எழுதியிருந்தால், சிவப்பு மையைத் தொடும் முன், “யார் சொன்னாங்க?” என்று கூப்பிட்டுக் கேளுங்கள்.