தேவலாம் பெரியப்பா

எங்கள் ஊர் மதகுக் கட்டையில் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தீர்ப்பு வழங்கப்படும். குடமுருட்டியிலிருந்து பிரிகிற வாய்க்காலின் மதகு. ஊரில் பாதிப்பேர் உட்கார்ந்து உட்கார்ந்தே சிமெண்டு வழுவழுத்துப் போயிருக்கிறது. அதில் பூவரச நிழல் விழும் ஓரம் பெரியப்பாவுக்கு. வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். எதிரே நின்று, அவனுக்குப் பிடித்த நடிகரின் கடைசிப் படத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அவனே எழுந்துவிடுவான்.

பாட்டோ, படமோ, புத்தகமோ, அவருடைய உச்சபட்சப் பாராட்டு ‘தேவலாம்’. அதற்கு ஒரு படி கீழே ‘பரவாயில்லை’. அதற்கும் கீழே ‘உக்கார முடிஞ்சுது’. ‘நல்லாருக்கு’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு வாரம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தீர்ப்புக்கு முன்னால் வெற்றிலைச் சடங்கு உண்டு. இலையை வேட்டியில் துடைப்பார். காம்பைக் கிள்ளுவார். நரம்பு கிழிப்பார். சுண்ணாம்பைத் தடவி, கும்பகோணம் சீவலைக் கொட்டி வாயில் அடக்கிக்கொண்டுவிட்டால் பத்து நிமிஷம் பேச முடியாது. அந்தப் பத்து நிமிஷத்தில் சுற்றி இருப்பவர்கள் பொறுக்கமாட்டாமல் தங்கள் அபிப்ராயத்தைச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எழுந்துபோய்த் துப்பிவிட்டு வந்து, அதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்வார். இந்த முறையில் ஒருவர் எதையும் பார்க்கவோ படிக்கவோ வேண்டிய அவசியமே இல்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

விமர்சனம் எங்கள் பக்கத்து மண்ணில் விளைவது. மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ எழுதிப் பெரிய வித்வான்களைக்கூட நிமிர்ந்து உட்கார வைத்தவர். ஆனால் அவர் கச்சேரிக்குப் போய்விட்டு எழுதினார். பெரியப்பா அந்த அலைச்சலை மிச்சப்படுத்திக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை காலமானது 1956-ல். பெரியப்பா பிறந்தது 1951-ல். ஆனாலும் பிள்ளைவாளின் தோடியை விடிய விடியக் கேட்டிருக்கிறார். எந்தக் கோயில், எந்தத் திருவிழா, எத்தனை மணிக்கு மழை தூறியது என்பதெல்லாம் சொல்வார். அதற்குப் பிறகு ஊதப்பட்ட நாதஸ்வரம் எதுவும் அவருக்கு நாதஸ்வரம் இல்லை. ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-ல் வந்த படம். ஊரே அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. பெரியப்பா மட்டும், “சிக்கல் சண்முகசுந்தரம்னு பேரு வெச்சா சத்தமும் சிக்கல்லேருந்துல்ல வரணும்? ஊதுனது மதுரைக்காரங்கப்பா” என்பார். உண்மைதான், மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. வைகைக் காற்று காவிரிக் குழலுக்குள் போனதை அவரால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

1986-ல் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ வந்தபோது என் அண்ணன் கும்பகோணத்தில் ஒரு ரிக்கார்டிங் சென்டரில் கேசட் வாங்கிவந்து திண்ணையில் போட்டான். வயலின்கள் கூட்டமாகக் கிளம்பின. பெரியப்பா தலைப்புக்கு அர்த்தம் கேட்டார். “இதுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு அர்த்தம் பெரியப்பா” என்றான். “போட்டவருக்கே தெரியலியாம். நான் எங்கப்பா போயி சொல்றது?” என்று அந்தப் பக்கத்தை முடித்துவிட்டார். தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மனியில் இருந்த பாக் என்ற மேதைக்கும் செய்த காணிக்கை இது என்று அண்ணன் விளக்கியபோது ஒரு விநாடி யோசித்தார். “சாமிக்குப் பாக்கு மட்டும் வெச்சா எப்படி? வெத்தலை எங்க?”

திருவையாறு ஆராதனைக்கு வருஷம் தவறாமல் போவார். ஆனால் பஞ்சரத்ன கீர்த்தனை நாள்தான் அவருக்குத் துக்க நாள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் அத்தனை வித்வான்களும் சேர்ந்து பாடிவிடுகிறார்கள். “இப்படி மொத்தமாப் பாடினா எவன் எங்க வழுக்குனான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?” அன்று மட்டும் அவர் வேலையில்லாமல் திரும்பி வருவார்.

புத்தகத்தை அவர் தராசில் வைக்கிற விதம் தனி. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ கும்பகோணத்துத் தெருக்களில் நடக்கிற கதை. “கும்மோணத்துல எங்க அத்தை நாப்பது வருசம் இருந்தாங்க. அப்படி யமுனான்னு ஒரு பொண்ணு இருந்ததா அவங்க ஒண்ணும் சொல்லலியே” என்று நாவலின் நம்பகத்தன்மையைத் தீர்த்துவைத்தார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். சொல்லுக்கு அவர் யாரிடமும் கடன் வாங்குவதில்லை. “கதை ரெண்டு மா நிலந்தான். அதுக்கு ஒரு வேலிக்கு வரப்பு போட்டு வெச்சிருக்கான்” என்றால் படம் நீளம். “பால் பிடிக்கிறதுக்குள்ள அறுத்துட்டான்” என்றால் பாட்டில் ஆலாபனை போதவில்லை. இடைவேளைக்கு மேல் பதர். இரண்டாம் பாகம் எதுவானாலும் தாளடி. குறுவை அறுத்த அதே வயலில் அவசரமாக நடுவது. பத்திரிகைகளில் வருகிற விமர்சனங்களைப் படிக்கும்போதெல்லாம் இதில் நாலு வரி கிடைத்தால் தேவலாமே என்று எனக்குத் தோன்றும். பாருங்கள், தொற்றிக்கொண்டுவிட்டது.

அவருடைய தீர்ப்பை முன்கூட்டியே கணிக்க எனக்கு ஒரு சூத்திரம் இருந்தது. படத்தைப் பார்க்காதே, மேட்டூரைப் பார். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. மட்டம் ஏறியிருந்தால் மொக்கைப் படமும் ‘பரவாயில்லை’க்கு வந்துவிடும். வழக்கமாக ஜூன் 12-ல் அணை திறக்க வேண்டும். 2024-ல் அந்தத் தேதி வந்தது, தண்ணீர் வரவில்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். நடுவே ஜூலை 12-ல் வந்து மாட்டிக்கொண்டது ‘இந்தியன் 2’. வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்த சாயங்காலம் அது. “தொண்ணூத்தாறுல குறுவை போட்டான். இருபத்தெட்டு வருசம் கழிச்சுத் தாளடி நடறாங்கிறான். அது தரிசுப்பா, நான் என்னங்கிறேன்!” படம் எப்படி என்று யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்தச் சூத்திரம் பொய்த்தது ஒரே ஒரு முறை. அதற்குப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படம் பார்ப்பது, கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பது எல்லாம் பெரியம்மாதான். ராத்திரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கதை சொல்வார். பெரியப்பா ஈசிசேரில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுநாள் மதகில் அது தீர்ப்பாக வரும். ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் பெரியம்மாவுக்கு மனப்பாடம். அவருடைய அம்மா கல்கி பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தது. பெரியப்பா அந்த பைண்டைத் தலைக்கு வைத்துப் படுத்ததோடு சரி.

2022 செப்டம்பர் 30-ல் அந்தக் கதை மணிரத்னத்தின் படமாக வந்தது. பெரியம்மா பேத்தியோடு கும்பகோணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று காலையில்தான் மோர்க்குழம்பைப் பற்றி ‘தேவலாம்’ என்று ஒரு தீர்ப்பு வந்திருந்தது. ராத்திரி கதை நடந்தது. கடலில் புயல், கப்பல் முழுகுகிறது, அருள்மொழி என்ன ஆனான் என்று தெரியவில்லை. பெரியம்மா கீரையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

“மீதி?”

“அவ்வளவுதான்.”

குழம்புக்குத்தான் இந்தத் தண்டனை என்று பெரியப்பா முடிவுகட்டிவிட்டார். மறுநாள் ரசம் ‘நல்லாருக்கு’. அதற்கு மறுநாள் கத்தரிக்காய் கொத்சு ‘ரொம்ப நல்லாருக்கு’. மூன்றாம் நாள் ஐயம்பேட்டை போனவர் இரண்டு முழம் மல்லிகை வாங்கிவந்தார். பெரியம்மாவுக்கு பயம் வந்துவிட்டது; மருந்து ஏதும் மாற்றிக் கொடுத்தார்களா என்று எனக்குப் போன் செய்து விசாரித்தார். நாலாம் நாள் ராத்திரி பெரியப்பா இறங்கிவந்தார்.

“இப்பவாவது மீதியைச் சொல்லேன்.”

“என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க? படமே அங்கதான் நிக்குது. மீதி அடுத்த வருசம் வருதாம்.”

மறுநாள் மதகில் வெற்றிலை வெகுநேரம் மெல்லப்பட்டது. எல்லாரும் பார்த்துவிட்டு வந்து ஆளுக்கொன்று சொல்லி முடித்திருந்தார்கள். பெரியப்பா துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். “பாதியில நிக்குதுப்பா” என்றார். அவ்வளவுதான். ‘பரவாயில்லை’கூடக் கிடைக்கவில்லை. மே 24-லேயே மேட்டூர் திறந்து, வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிய வருஷம் அது.