கழலாமை: புல்லட்டின் முன் ஸ்பிராக்கெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

அச்சாணியைப் பாடிய வள்ளுவர் நட்டைப் பாடவில்லை. தேர் ஓடும்போது ஆணி கழன்றுவிடக் கூடாதே என்பது அவர் காலத்துக் கவலை. வண்டி நிற்கும்போது நட்டு கழலவில்லையே என்பது நம் காலத்துக் கவலை. வெஃகாமை, கள்ளாமை, கொல்லாமை என்றெல்லாம் அதிகாரம் வகுத்தவர், கழலாமைக்கும் ஒரு பத்துக் குறள் ஒதுக்கியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திராது. உரை எழுதிய பதின்மரும் இந்தக் குறையைக் கண்டும் காணாமல் போயிருக்கிறார்கள். பரிமேலழகர் ஒரு முறையாவது பட்டறைப் பக்கம் வந்திருக்கலாம்.

முதலில் ஆய்வின் எல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்ததன் பயனாகத் திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட் மட்டுமே இங்கு ஆய்வுப் பொருள். எஞ்சின் வேறு, கியர்பாக்ஸ் வேறு, நான்கு கியர், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இந்த இடவலச் செய்தி பின்னால் தேவைப்படும், வாசகர் மறவாதிருக்க. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய பிற்கால புல்லட்டுகளைப் பற்றி வேறு யாராவது பட்டம் வாங்கிக்கொள்ளட்டும்.

பிற வண்டிகள் பலவற்றில் முன் ஸ்பிராக்கெட் ஒரு சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும். மூன்று போல்ட்டைக் கழற்றினால் தரிசனம். புல்லட்டில் அது கருவறைக்குள் இருக்கிறது. இடப்பக்க ஃபுட்ரெஸ்ட் விலக வேண்டும், பிரேக் பெடல் வழிவிட வேண்டும். நடுவில் ஒற்றை நட்டோடு நிற்கும் பிரைமரி மூடியைத் திறந்தால் எண்ணெய் அபிஷேகம், பெரும்பாலும் ஆய்வாளரின் கால்சட்டைக்கு. அடுத்த பிராகாரத்தில் இரட்டை வரிசைச் செயின், எஞ்சின் ஸ்பிராக்கெட், கிளட்ச். அதையும் கடந்து உள்மூடியை எடுத்த பிறகே மூலவர். அவர் மீது கிரீசும் மண்ணும் சேர்ந்து இறுகிய சந்தனக்காப்பு வேறு.

காப்பைச் சுரண்டியதும் நட்டு தெரியும். அதன் விளிம்பில் ஏறி மடிந்திருக்கும் பூட்டு வாஷரின் காது தெரியாது. தெரியாத காதை நிமிர்த்தாமல் ஸ்பேனர் போடுவோர் உண்டு. ஒரு மீட்டர் இரும்புக் குழாயைச் சொருகி, 50 கிலோ எடையுள்ள ஒருவர் நுனியில் தொங்கினால் ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கிடைக்கும். அந்த விசை நட்டைக் கழற்ற மட்டுமல்ல, நட்டின் ஆறு மூலைகளையும் வழித்து வட்டமாக்கவும் போதுமானது.

ஸ்பேனரின் அளவு தனி ஆராய்ச்சிக்கு உரியது. ஜோசப் விட்வர்த் 1841இல் முன்வைத்த மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரைக்கு 60. பழைய விட்வர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், நட்டின் அகலத்தைச் சொல்லாது. உள்ளே போகும் போல்ட்டின் தடிமனைச் சொல்லும். ஆக, கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் அளவைக் கொண்டு, கையில் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘மரை கழன்ற கேஸ்’ என்று பட்டறையில் சொன்னால் அது வண்டியைக் குறிக்கிறதா, கொண்டுவந்தவரைக் குறிக்கிறதா என்பதை இடம் நோக்கி அறிக.

இனி, கழலாமைக்குக் காரணம் என்ன என்பதில் அறிஞரிடையே மூன்று பிரிவுகள் உள்ளன. துருவே காரணம் என்பர் எண்ணெய்ப் பிரிவினர். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிட இரு மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடித்துக்கொள்வதால், இடுக்கில் புகுந்த துரு ஆப்பாக மாறுகிறது என்பது அவர்கள் வாதம். வாதம் சரியே. ஆகவே மண்ணெண்ணெயோ டீசலோ கடையில் விற்கும் ஸ்பிரேயோ அடித்துவிட்டு இரவு முழுக்கக் காத்திருக்கச் சொல்வார்கள். பொறுமைசாலிகள், இவர்களுடைய வண்டிகள் ஆண்டுக்கணக்கில் பட்டறையிலேயே நிற்கும்.

தீப் பிரிவினருக்குக் காத்திருக்க நேரமில்லை. 30 மில்லிமீட்டர் எஃகுத் துளையை 100 டிகிரி சூடேற்றினால் அது சுமார் 0.036 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமன்கூட இல்லை, ஆனால் துருவின் பிடி தளர அது பல நேரம் போதும். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் ஆயில் சீலும் அதே தீயில் கருகக்கூடும் என்பதை இவர்கள் அடிக்குறிப்பில் மட்டும் தெரிவிப்பார்கள்.

சுத்தியல் பிரிவினர் எதையும் எழுதி வைத்ததில்லை. அவர்களின் கருத்தை உளித்தடங்களிலிருந்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அற்றேல், இம்மூவருள் யார் பக்கம் மெய் எனின், எவர் பக்கமும் முழுமெய் இல்லை என்பதே இவ்வாய்வின் முடிபு. எண்ணெயும் தீயும் அடியும் நட்டைப் பற்றியே கவலைப்படுகின்றன. நட்டு திரும்பாததல்ல சிக்கல். நட்டோடு சேர்ந்து ஸ்பிராக்கெட்டும் திரும்புவதே சிக்கல். கழற்றுதல் என்பது ஒன்றைத் திருப்புவது என்று உலகம் நம்புகிறது. உண்மையில் அது மற்றொன்றைத் திரும்பாமல் பிடிப்பது. பிடிக்க ஆளில்லாத இடத்தில் குழாயை எவ்வளவு நீட்டினாலும் சுற்று கிடைக்குமே தவிர கழற்சி கிடைக்காது.

‘கியரில் போட்டால் பிடிக்காதா?’ என்று இங்கே ஒரு தடை எழும். பிடிக்காது. கியரில் போட்டால் பிடிப்பது எஞ்சின். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் செயினையும் கிளட்சையும் நாம் ஏற்கெனவே கழற்றித் தரையில் பரப்பி வைத்திருக்கிறோம். உறவை வெட்டிய பிறகு சீர் கேட்பது போன்ற காரியம் இது. மிஞ்சியிருக்கும் பிடி ஒன்றே: பின்செயின். அது ஸ்பிராக்கெட்டைப் பின்சக்கரத்தோடு கட்டுகிறது. பின்சக்கரத்தைப் பிரேக் கட்டுகிறது. பிரேக் பெடலோ முன்னமே வழிவிட்டுவிட்டது. எனவே உதவியாளர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து, டிரம்மின் பிரேக் கையைத் தம் கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். சக்கரக் கம்பிகளுக்கிடையே கட்டை சொருகும் வழக்கமும் உண்டு. கம்பி வளைந்தால் அதற்கொரு தனிக்கட்டுரை தேவைப்படும்.

திசையையும் கவனிக்க. மரை வலமா இடமா என்று வண்டியின் கையேட்டைப் பார்த்துத் தெளிந்த பிறகே தொங்க வேண்டும். சைக்கிளின் இடப்பக்க பெடலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வல மரை என்றால், இடப்பக்கம் நின்று நட்டைக் கழற்றும் திசையும் பின்சக்கரம் முன்னோக்கி உருளும் திசையும் ஒன்றே. பிரேக் வழுக்கினால் ஸ்பேனரே வண்டியை ஓட்டத் தொடங்கும். முன்சக்கரத்தைச் சுவரில் முட்ட நிறுத்துவது உத்தமம்.

நட்டு வந்துவிட்டது, ஸ்பிராக்கெட் வரவில்லை என்பது அடுத்த படலம். உடனே புல்லரைத் தேடுவார்கள். புல்லரின் நடு ஆணி ஊன்றுவது உள்ளே ஓடும் மெயின் ஷாஃப்ட்டின் நுனியில். ஸ்பிராக்கெட் அமர்ந்திருப்பதோ அதைச் சுற்றியிருக்கும் குழல் அச்சில். முறுக்க முறுக்க ஸ்பிராக்கெட் வெளியே வருகிறதோ இல்லையோ, ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் தள்ளப்படும். ஆகவே உள் அச்சை விட்டுவிட்டுக் குழலின் விளிம்பில் மட்டும் ஊன்றும்படி நடுவில் துளையுள்ள ஒரு துண்டு வைத்து இழுக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சூடு, சுற்றிலும் மெதுவான தட்டல் என்று மூன்று பிரிவினரும் ஒற்றுமையாகும் இடமும் இதுவே.

ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது பட்டறை வாசலில். புறத்தேர்வாளர் மூத்த மெக்கானிக்; டீ டம்ளரோடு வந்தார். குழாயின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்த பையனையும், அவனோடு சேர்ந்து சுற்றிய ஸ்பிராக்கெட்டையும் சற்று நேரம் பார்த்தார்.

“பின்செயின் எங்கடா?”

“இடைஞ்சலா இருந்துச்சுண்ணே, முதல்லயே கழட்டிட்டேன்.”

“மாட்டு.”