மீன் கிளாக்கர்

மலையகத்தில் தோட்டத்துக்கொரு மாரியம்மன் கோயில் உண்டு. ஏறக்குறைய அதே கணக்கில் ஒரு மீன் கிளாக்கரும் உண்டு. தோட்டத்து ஒபீசில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர். முன்னறையில் மூன்று கண்ணாடித் தொட்டிகள், மூக்கில் நழுவும் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர். கொட்டகலையிலோ டிக்கோயாவிலோ யார் மீன் வாங்கினாலும், அதை அவரிடம் காட்டிப் பெயர் வாங்காமல் வீட்டுக்குக் கொண்டுபோவது மரியாதை ஆகாது.

பெயர் வைப்பதில் அவருக்கு அனுபவம் அதிகம். செக்ரோல் என்ற தொழிலாளர் பதிவேட்டில் அவர் எழுதியதுதான் பெயர். கறுப்பாயி கருப்பையா ஆனதும், ஒரே வீட்டில் அண்ணனின் அப்பா ராமசாமியாகவும் தம்பியின் அப்பா ராமன்சாமியாகவும் பிரிந்துபோனதும் இவரைப் போன்றவர்களின் பேனாவால்தான். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, சேமலாப நிதியில் இன்னொன்று என்று பெயர் வைத்துக்கொண்டு, சத்தியக் கடதாசி முடிக்க ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் அலைந்தவர்களை இன்றும் கேட்கலாம். ஆளைப் பார்த்து அவர் எழுதியதில்லை. எழுதிய பிறகு ஆள்தான் அதற்கேற்ப மாறிக்கொள்ள வேண்டியிருந்தது.

மீனுக்கும் அதே சட்டம். அவரிடம் ஐந்தாறு பெயர்கள்தான் இருப்பில் உண்டு: கோல்ட், பைட்டர், ஏஞ்சல், ஒஸ்கார், டேங்க் கிளீனர். இந்தப் பட்டியலுக்குள் அடங்காத மீன் அவரைப் பொறுத்தவரை இன்னும் பிறக்கவில்லை. ஏஞ்சலும் ஒஸ்காரும் சிக்லிட் குடும்பம் என்றால் முறைப்பார். 1952இல் இலங்கைக்கு வந்து இன்று நம் குழம்புச் சட்டியில் கொதிக்கும் திலாப்பியாவும் அதே குடும்பம் என்றால், பேச்சையே நிறுத்திவிடுவார்.

கொழும்பில் வேலை செய்யும் பையன் ஒருவன் தீபாவளிக்கு வந்தபோது, மலாவி ஏரியின் மஞ்சள், நீலச் சிக்லிட்டுகளோடு ஒரு பொலித்தீன் பையில் புள்ளி போட்ட மீனொன்றையும் கொண்டுவந்தான்.

“கிளாக்கரையா, இது என்னா மீனுங்க? கடையில கேட்டா கெளுத்தின்னு மட்டும் சொல்றாங்க.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. “டேங்க் கிளீனரு. குட்டி. வளந்தா புள்ளி போயிரும்.”

“இதுக்கு மீசை இருக்குதுங்களே?”

“ஒனக்குந்தான் மீசை மொளைச்சிருக்கு. அதுக்காக ஒங்கப்பா பேரை மாத்திருவோமா?”

பையன் வாயடைத்துப் போனான். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பேத்திதான் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். டேங்க் கிளீனருக்கு உடம்பெங்கும் எலும்புத் தகடு, வாய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் உறிஞ்சி. இதற்கு வழவழத்த தோல், மூன்று சோடி மீசை, அவற்றில் கீழ்த்தாடையின் இரண்டு சோடிகளும் கிளை விட்டவை. ஆகவே ஆப்பிரிக்காவின் சினோடோண்டிஸ் பேரினம். அடுத்து அவள் செய்ததுதான் முக்கியம்: மீனின் வயிற்றைப் பார்த்தாள். புள்ளி வயிற்றிலும் பரவியிருந்தால் பெட்ரிகோலா. அந்தப் பெயரில் கடைகளில் விற்பதும் பெரும்பாலும் 2006இல்தான் தனி இனமாகப் பிரித்து எழுதப்பட்ட லூசிபின்னிஸ். இதன் வயிறோ புள்ளியில்லாத வெள்ளை. பெரிய கண். முதுகுத் துடுப்பில் வெள்ளை ஓரம் வைத்த கறுப்பு முக்கோணம்.

“தாத்தா, இது மல்டிபங்டேட்டஸ். தங்கனீக்கா ஏரி. குயில் கெளுத்தின்னு சொல்லுவாங்க.”

“குயிலா? பாடுமா?”

பாடாது. ஆனால் குயில் காக்கைக்குச் செய்வதை இது சிக்லிட்டுக்குச் செய்யும். சிக்லிட்டுகளில் பல, முட்டையை வாயிலேயே அடைகாப்பவை. தாய் முட்டையிட்டுப் பொறுக்கும் நேரம் பார்த்து இந்தக் கெளுத்திச் சோடி நடுவில் பாய்ந்து, கிடைத்த முட்டையைத் தின்று, தன் முட்டையைச் சிந்திவிட்டு ஓடும். பதறிப்போன தாய் எல்லாவற்றையும் வாரி வாயில் போட்டுக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரிந்து, அந்த வாய்க்குள்ளேயே வீட்டுக்காரப் பிள்ளைகளைத் தின்று வளரும். 1986இல் தெட்சு சாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதை நேச்சர் இதழில் எழுதினார். தங்கனீக்காவிலேயே கூடி வாழும் சிக்லிட்டுகள் ஓரளவு உஷாராகி அந்த முட்டைகளைத் துப்பப் பழகிவிட்டன. மலாவி ஏரி மீன்கள் இந்தத் திருடனைக் கண்டதேயில்லை என்பதால் சுலபமாக ஏமாறுகின்றன. பையனின் தொட்டியில் இருப்பவை மலாவி மீன்கள்.

இதையெல்லாம் கேட்ட பெரியவர் சற்று நேரம் மஃப்ளரைச் சரிசெய்தார். பிறகு பையனிடம், “நான் மொதல்லயே யோசிச்சேன், இது மொகரைய பாத்தா திருட்டுப்பயன்னு” என்றார். மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், குயில் கெளுத்தியை முதலில் கண்டுபிடித்தவர் அவராகவே ஆகியிருந்தார். ஜப்பான்காரர் இரண்டாமிடம்.

ஆனால் இவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. நம் பீலித் தண்ணீர் மென்மையானது, சுண்ணாம்பு குறைவு. தங்கனீக்கா மீனுக்கோ கடினமான, காரத் தன்மையுள்ள தண்ணீர் வேண்டும். நியாயப்படி அது யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் குடியேற வேண்டிய மீன். 6,000 அடிக்கு மேலே இருக்கிற நுவரெலியாவின் சனவரிக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் ஓரிரவு தாங்காது. இவர் தொட்டியில் முருகைக்கல் போடுவார், கரண்ட் போனால் தோட்டத்தில் கொடுத்த பழைய கம்பளியால் தொட்டியைச் சுற்றிக் கட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து விடியும்வரை கொட்டாவி விடுவார். பெயர் தெரியாத மீன்தான், ஆனால் அவர் வீட்டில் செத்த மீன் குறைவு. பெயர் தெரிந்தவர்கள் பலரின் வீட்டில் இதற்கு நேர்மாறு.

அவருடைய பெயர்களால் வரும் உண்மையான கெடுதி வேறு. டேங்க் கிளீனர் ஓரடிக்கு மேல் வளரும் என்பது ஊருக்கே தெரியும். புள்ளி மீனுக்கும் அந்தப் பெயரைக் கேட்டவர், தொட்டி கொள்ளாது என்று பயந்து, “காசல்ரீயில விட்டா புண்ணியம்” என்று வாளியோடு கிளம்பிவிடுகிறார். தென்னமெரிக்காவின் அசல் டேங்க் கிளீனர் இப்படித் திறந்து விடப்பட்டே நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகியிருக்கிறது. ஆகவே ஹட்டன் பக்கத்து அன்பர்களே, மீன் வாங்கியதும் முதலில் வயிற்றைப் பாருங்கள், பிறகு கிளாக்கரையாவிடம் போங்கள். வளர்க்க முடியாவிட்டால் வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுங்கள். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் விடாதீர்கள்.