சாக்குமூட்டையும் முன்பணமும்

கேள்வி: ஆள்கடத்தல் பற்றி வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ வாட்ஸ்அப்பில் வந்த ‘பிள்ளை பிடிக்கிறவன்’ வீடியோவைக் காட்டுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– ஓர் ஆசிரியை, விழுப்புரம்

பதில்: அந்த வீடியோவிலிருந்தே தொடங்குங்கள் டீச்சர்! 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய அப்படியொரு வீடியோ, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் வந்தவன் பையனைத் தூக்குவான். கடைசியில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை அட்டையைப் பிடிப்பான். அந்தக் கடைசிக் காட்சியை எவனோ வெட்டிவிட்டான். பிள்ளையை யாரும் கடத்தவில்லை; உண்மையைத்தான் கடத்தினார்கள்! அந்த வருஷம் மே மாதம், இப்படிப் பரவிய பீதியில், திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்த மூதாட்டியை அடித்தே கொன்றது கூட்டம்.

அடுத்து, நிஜக் கடத்தல்காரனை அறிமுகப்படுத்துங்கள். அவன் சாக்குமூட்டையோடு வருவதில்லை. செங்கல் சூளைக்கு முன்பணத்தோடு, மில் வேலைக்குக் ‘கல்யாணச் செலவுக்குப் பணம்’ என்ற ஆசைவார்த்தையோடு வருவான். பல நேரம் தெரிந்தவன்தான். வீட்டில் காபிகூடக் கொடுத்திருப்போம். முன்பணத்தால் ஆளைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் ஒழித்துவிட்டது. முன்பணத்துக்குத்தான் இன்னும் தகவல் போகவில்லை!

கரும்பலகையில் இரண்டே வரி எழுதுங்கள்: வீடியோ வந்தால் ஃபார்வர்டு செய்யாதே. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098ஐக் கூப்பிடு.