படிப்புக்கு வாங்கினதுங்க

தாராபுரத்தில் கேம் விளையாடுவதற்கென்று யாரும் கம்ப்யூட்டர் வாங்கியதில்லை. வாங்கியது அத்தனையும் படிப்புக்கு. கன்சோலுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு கைப்பிடி, ஒரு துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு "கணக்குப் போடத்தானுங்க" என்று எந்த அப்பாவிடம் சொல்வது?

கன்சோலா, சிஸ்டமா என்று இன்றைய பையன்கள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அடுக்கி வாதாடுகிறார்கள். எங்கள் ஊரில் இந்த வழக்குக்கு முப்பது வருடமாகத் தீர்ப்பு எழுதியவர்கள் வேறு ஆட்கள்: அப்பாக்கள், இரண்டு முதலமைச்சர்கள், அப்புறம் மின்வெட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவுக்கு வந்ததன் பெயர் 'டிவி கேம்'. ஜப்பானில் நிண்டெண்டோ 1983இல் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்த சங்கதி. கேசட்டின் மேல் '99999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் மரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ் இவையே வேறு வேறு பெயரில் மாறுவேடம் போட்டு வரும். நோம்பிக்கு வந்த ஒறம்பரைப் பையன்கள் மொத்தமும் அந்த ஒரே டிவி முன்னால். செத்தவன் கைப்பிடியை அடுத்தவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். செத்தது தான்தான் என்று ஒருவனை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஒரு பஞ்சாயத்து நடந்து முடிந்துவிடும். அம்முச்சி திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பார்: "ஏங்கண்ணு, அந்தக் குள்ளன் எதுக்கு ஓடியோடிப் போய்ச் செவுத்துல முட்டறான்?" அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பெட்டியின் மூல மாடலில் இருந்த நினைவகம் 2 கிலோபைட். இன்றைய பிளேஸ்டேஷன் 5இல் 16 ஜிகாபைட், அதாவது 80 லட்சம் மடங்குக்கும் மேல். ஆனால் அது சுவிட்சைத் தட்டிய நொடியில் ஓடியது. இது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆசையாக உட்கார்ந்தால் அப்டேட் இறக்க ஆரம்பிக்கிறது. அது ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதியதால் ஒன்றும் ஆகவில்லையாம், கழற்றி மாட்டியதில் தகடு சரியாகப் பொருந்தியதுதான் காரணமாம். இருக்கட்டும். இப்போது எங்கே ஊதுவது?

துப்பாக்கி மட்டும் அட்டாலியில் பத்திரமாக இருக்கிறது. வாத்து சுடும் ஆட்டத்தில் அதன் விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாகும்; அந்த வெளிச்சம் குழலுக்குள் இருக்கும் கண்ணில் பட்டால் வாத்து காலி. பழைய குண்டு டிவியின் வேகத்தை நம்பிச் செய்த வேலை அது. தட்டை டிவி வந்ததும் உலகத்து வாத்துகளுக்கெல்லாம் நிரந்தர விடுதலை கிடைத்துவிட்டது.

கன்சோலின் உண்மையான எதிரி அந்நாளில் கம்ப்யூட்டர் இல்லை, சீரியல். வீட்டுக்கு ஒரு டிவி. அதில் பகலில் கிரிக்கெட், மாலையில் அழுகை. இந்தச் சிக்கலைத் தீர்த்தது எந்த கேம் கம்பெனியும் அல்ல, 2006இல் வந்த தி.மு.க. அரசு. கலைஞர் கொடுத்த இலவச கலர் டிவி 14 அங்குலம்தான். ஏற்கெனவே டிவி இருந்த வீடுகளில் அது நேராகப் பையன்களின் அறைக்கோ தோட்டத்துச் சாளைக்கோ போனது. நாங்களும் வளர்ந்திருந்தோம். மரியோ போய் பிளேஸ்டேஷன் 2 வந்திருந்தது. 2009இல் ஐதராபாத்தில் செய்த அனுமன் கேம் ஒன்றுகூட அந்தப் பெட்டிக்கு வந்தது. காட்டு ஆஞ்சநேயரைக் கும்பிடும் எங்கள் ஊரில் அதை வாங்கி விளையாடியவன் ஒருவனையும் நான் பார்க்கவில்லை. எல்லோரும் 'வைஸ் சிட்டி' கேமில் கார் திருடிக்கொண்டிருந்தார்கள். அதே வருடம்தான் தாராபுரம் ஈரோடு மாவட்டத்திலிருந்து திருப்பூர் மாவட்டத்துக்கு மாறியது. இதுவும் விளையாட்டில் மும்முரமாக இருந்தவர்களுக்குப் பின்னால்தான் தெரியும்.

அடுத்தது 2011. ஜெயலலிதா அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் லினக்ஸை எங்கள் பக்கத்துப் பையன்கள் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. பங்காளி வீட்டுப் பையன் லேப்டாப் வாங்கி வந்த அன்று ராத்திரியே பென் டிரைவ் வழியாக ஐஜிஐயும் கவுன்டர் ஸ்டிரைக்கும் ஏறிவிட்டன. படிப்புக்கு என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்த பொருள். எந்த அப்பா கேள்வி கேட்பார்?

கன்சோலை உண்மையில் சாய்த்தது 2012. சென்னையில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கரண்ட் போனதற்கே செய்தி. கோவை, திருப்பூர்ப் பக்கம் நாளில் பாதிக்கும் மேல் இருட்டு. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைக் காத்தாடிகள் சுற்றிக்கொண்டிருக்கும், வீட்டில் ஃபேன் சுற்றாது. பாதி ஆட்டத்தில் கரண்ட் போனால் டிவியும் பிளேஸ்டேஷனும் சேர்ந்து படுத்துவிடும், சேமிக்காத ஆட்டம் போனது போனதுதான். அரசு கொடுத்த 'அம்மா லேப்டாப்' மட்டும் பேட்டரியில் ஓடும். எந்த வல்லுநரின் ஒப்பீட்டிலும் வராத காரணம் இது. கன்சோல் தோற்றது வேகத்தில் அல்ல, பேட்டரியில்.

இப்போது கரண்ட் நிலையாக இருக்கிறது. பைபரும் வந்துவிட்டது. கன்சோலுக்கு நல்ல காலம் பிறந்திருக்க வேண்டும். ஆனால் அது தன் பழைய குணத்தை விட்டுவிட்டது. முன்பெல்லாம் வயதானால் விலை இறங்கும்: அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்த பிஎஸ் 2, 2009இல் 99 டாலர். பிஎஸ் 5 இங்கே 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்து, அடுத்த ஆண்டே 54,990 ஆனது. வயதாக ஆக விலை ஏறுவது எங்கள் பக்கம் நிலத்துக்குத்தான் வழக்கம். பெரிய கேம் ஒன்று ஐயாயிரம் ரூபாய் வாக்கில். மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட பெரும்பாலான கேம்களுக்குத் தனிச் சந்தா. கம்ப்யூட்டரில் அந்தச் சந்தா இல்லை, ஸ்டீமில் தள்ளுபடி உண்டு, சோனியே தன் 'காட் ஆஃப் வார்' கேமை 2022இல் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டது. 2024இல் வந்த பிஎஸ் 5 ப்ரோ அப்போது இந்தியாவுக்கு வரவே இல்லை. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாமல் இருந்ததாம். எங்கள் வீட்டில் சமையல்கட்டைத் தாண்டியதும் எந்த அலைவரிசையும் வருவதில்லை என்பது வேறு கதை.

ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்றால் சிஸ்டம் வாங்குங்கள். இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஹாலில் பெரிய டிவி சும்மா இருந்து, கூட உட்கார்ந்து விளையாட ஒறம்பரை இருந்தால் மட்டும் கன்சோல். அதுவும் டிஸ்க் போடும் மாடல். முடித்த டிஸ்க்கை விற்றுவிடலாம்.

இவ்வளவும் தெரிந்தே என் ஹாலில் ஒரு பிஎஸ் 5 இருக்கிறது. அப்பாவிடம் காரணம் சொன்ன காலம் போய் வீட்டுக்காரியிடம் சொல்லும் காலம் வந்ததால், யூடியூப் பார்க்க என்று சொல்லி வைத்தேன். அது பலித்தும்விட்டது. அம்மா அதில் கும்பாபிஷேகம் பார்க்கிறார்.

பையன் போன மாதம் வந்து நின்றான். "அப்பா, சிஸ்டம் அசெம்பிள் பண்ணோணுங்க. ஏஐ படிக்கோணும், அதுக்குக் கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாதுங்." நாங்கள் சொன்னபோது அது பச்சைப் பொய். இவன் சொல்வது உண்மையாக இருந்து தொலைக்கிறது. உலகத்து ஏஐ பெரும்பாலும் அந்தக் கார்டின் வம்சத்தில்தான் ஓடுகிறது. அந்த டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலைகூட எகிறிவிட்டது. மறுக்க வழியில்லை. கோவை காந்திபுரத்துக் கடையில் வாங்கி வந்த கொட்டேஷனை நீட்டினான். அதில் மானிட்டர் 180 ஹெர்ட்ஸ் என்றிருந்தது.

"பாடம் அவ்வளவு வேகமாவா ஓடுது?" என்றேன்.

"கண்ணுக்கு நல்லதுங்ப்பா" என்றான்.