அப்பவே சொன்னவர்

இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த போல்ட்டன் நகரத்தில் எந்த முடிதிருத்தும் கடைக்குள் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். சுவரோரம், பத்திரிகைக் கட்டுக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர் அல்ல. வெட்டும் அளவுக்கு அவர் தலையில் விளைச்சல் இல்லை. கருத்துச் சொல்ல வந்தவர். பெயர் எதற்கு? ஒரே ஆள்தான் கடைக்கு ஒரு முகம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'அப்பவே சொன்னவர்' என்று வைத்துக்கொள்வோம்.

2004 ஆகஸ்டுக்கு முன்னால் குத்துச்சண்டையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள், நடுவில் மணி அடிக்கும் என்பதுதான். அந்த மாதம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், பிரிட்டன் சார்பில் போன ஒரே குத்துச்சண்டை வீரர், போல்ட்டனைச் சேர்ந்த 17 வயது அமீர் கான், லைட்வெயிட் எடைப்பிரிவில் இறுதிப் போட்டிவரை போய்விட்டார். கியூபாவின் மரியோ கிண்டெலானிடம் தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார். விமானம் தரையிறங்குவதற்குள் நம்மவர் நிபுணராகிவிட்டார். ஜாப், ஹூக், அப்பர்கட் என்று மூன்று குத்துகளின் பெயரை வைத்துக்கொண்டு முப்பது நிமிடம் பேசும் கலை அவருக்குக் கைவந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம் அதே கிண்டெலானைப் போல்ட்டனிலேயே அமீர் வென்றார். ஜூலையில் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். அன்றிலிருந்து நம்மவர் வாயில் 'நம்ம பையன்' தவிர வேறு சொல் இல்லை. "அவங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். அதில் பொய் இல்லை. பிரிட்டன் கொடியையே வெயிஸ்ட்கோட்டாகப் போட்டுக்கொண்டு மகனுக்குக் குரல் கொடுத்த அந்த அப்பாவை, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்த எல்லோருக்குமே நல்லாத் தெரியும்.

பையன் வென்றுகொண்டே போனார். 'கிங் கான்' என்று பட்டம் வந்தது. 18 சண்டை, 18 வெற்றி. வளரும் வீரருக்கு எதிராளியை யாரும் குலுக்கல் சீட்டில் எடுப்பதில்லை. பெண் பார்க்கப் போகிறவர்களைவிட நுணுக்கமாக விசாரித்து, வயது என்ன, கையில் பலம் உண்டா, போன தடவை எப்படி விழுந்தார் என்றெல்லாம் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை மறைப்பதுகூட இல்லை. ஆனால் நாற்காலியில் இருப்பவருக்கு 18 என்ற எண் மட்டும் போதும்.

இடையில் இரண்டு எச்சரிக்கை வந்தது. 2007-இல் வில்லி லிமண்ட் என்பவர் அமீரைக் கீழே விழவைத்தார். அமீர் எழுந்து வென்றார். 2008 ஜூனில் மைக்கேல் கோமஸ் விழவைத்தார். அப்போதும் எழுந்து வென்றார். கடையில் யாரோ, "தாடையில பட்டாத் தாங்கமாட்டேங்கிறாரே" என்று மெல்ல இழுத்தார்கள். நம்மவர் பத்திரிகையை மடக்கினார்.

"விழறது பெரிசா, எழுந்திரிக்கிறது பெரிசா? சாம்பியன்னா விழுந்து எழுந்திரிக்கணும். உங்களுக்கெல்லாம் குத்துச்சண்டை தெரியாது."

இந்த வாக்கியத்தை முடிதிருத்துநர் மனதில் வாங்கிக்கொண்டார். அவர் அதிகம் பேசாதவர். கத்தரி பிடித்த கைக்கு ஞாபகசக்தி அதிகம்.

2008 செப்டம்பர் 6, மான்செஸ்டர் எம்.இ.என். அரங்கம். அமீருக்கு 21 வயது. எதிரே கொலம்பியாவின் பிரெய்டிஸ் பிரெஸ்காட். 19 சண்டை, 19-இலும் வெற்றி. அதில் 17 பேரை ஆட்டம் முடியும் முன்பே படுக்கவைத்தவர். அன்றைய பத்திரிகையில் இவையெல்லாம் அச்சாகியிருந்தன. நம்மவர் படித்தும் இருந்தார். "கொலம்பியாவில எவனை அடிச்சானோ" என்று ஒரே வரியில் 17 பேரையும் தள்ளுபடி செய்தார்.

தனிக் கட்டணம் கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு. நாலு பேரை வீட்டுக்கு அழைத்திருந்தார். மணி அடித்தது. சண்டை நிதானமாகத்தான் சூடு பிடிக்கும் என்ற நிபுணத்துவத்தில் டீக்குக் கெட்டிலைத் தட்டிவிட்டு வரலாம் என்று எழுந்துபோனார். தண்ணீர் முணுமுணுக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. கூடத்திலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் அமீர் இரண்டாம் முறையாகத் தரையில் கிடக்கிறார். 54 விநாடி. அவ்வளவுதான் மொத்தச் சண்டையும். மற்ற நாட்களில் டீத்தூள் தேடவே அவருக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இரவில் இங்கிலாந்து முழுக்க எத்தனையோ கூடங்களில் ஒரே நேரத்தில் ஒலித்த அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்."

மறுநாள் கடையில் இலக்கணமே மாறிவிட்டது. 'நம்ம பையன்' ஒரே இரவில் 'அந்தப் பையன்' ஆனான். 'வந்தார், வென்றார்' எல்லாம் 'வந்தான், விழுந்தான்' ஆகிவிட்டது. ஒருவன் கீழே விழுந்தால் முதலில் உடைவது மூக்கு அல்ல, பெயருக்குப் பின்னால் இருக்கும் 'ர்'தான். காரணங்கள் அடுக்கப்பட்டன. "கண்ணாடித் தாடை. லிமண்ட் அடிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. பயிற்சியாளரை மாத்தினதே தப்பு. இந்தச் சின்ன வயசில இவ்வளவு பணம், கார், போட்டோ! தலை நிக்குமா? இவன் கதை முடிஞ்சது. எழுதி வச்சுக்குங்க."

முடிதிருத்துநர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்பவே தெரிஞ்சிருந்தா, எதிர்த்த பந்தயக் கடையில கொலம்பியக்காரர் பேர்ல பத்து பவுண்டு கட்டியிருக்கலாமே? சீட்டு இருக்கா?"

இங்கிலாந்தில் கடைத்தெருவுக்கு ஒரு பந்தயக் கடையாவது உண்டு. தீர்க்கதரிசிகளுக்கு அரசு அனுமதியோடு சம்பளம் தரும் இடம் அது. ஆனால் நம்மவரிடம் சீட்டு இல்லை. "நான் சூதாடுறதில்லை" என்றார் கம்பீரமாக. போன மாதம் குதிரையில் விட்ட ஏழு பவுண்டு கணக்கில் வராது போலிருக்கிறது.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாவம், அவர் ஏமாந்தவர். நாலு வருடம் தொலைக்காட்சியும் பத்திரிகையும் போட்டி நடத்துபவர்களும் சேர்ந்து ஊதிய பலூனை, தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். அது வெடித்தபோது அவருக்கு இரண்டே வழி இருந்தது. ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்வது ஒன்று; எல்லாம் தெரிந்தவன் என்று ஆகிவிடுவது இன்னொன்று. இரண்டாவதற்குச் செலவு கிடையாது. ஏமாளி என்ற பட்டத்தைவிடத் தீர்க்கதரிசி என்ற பட்டம் யாருக்குத்தான் கசக்கும்? அடி வாங்கிய பையன் எழுந்து நின்று தோல்வியை ஒப்புக்கொண்டாக வேண்டும், அரங்கமே பார்த்திருக்கிறது. நாற்காலிக்காரர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

'எழுதி வச்சுக்குங்க' என்றார் அல்லவா? முடிதிருத்துநர் நிஜமாகவே எழுதி வைத்தார். 'இவன் கதை முடிஞ்சது' என்று ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதி, கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டார்.

கதை முடியவில்லை. அமீர் லாஸ் ஏஞ்சலிஸ் போய் ஃப்ரெடி ரோச்சிடம் பயிற்சி எடுத்தார். ("பயிற்சியாளரை மாத்தினதுதான் சரி," என்றார் நம்மவர்.) 2009 மார்ச்சில் மெக்சிகோவின் மார்கோ அந்தோனியோ பரேராவை வென்றார். ஜூலை 18 அன்று, 54 விநாடியில் விழுந்த அதே மான்செஸ்டர் அரங்கில், ஆந்திரியாஸ் கோட்டெல்னிக்கைப் பன்னிரண்டு சுற்றும் ஆடி ஜெயித்து, 22 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

அந்த வாரம் நம்மவர் கடைக்கு வந்தபோது பழைய இலக்கணம் திரும்பியிருந்தது. "நம்ம அமீர் பாத்தீங்களா! விழுந்து எழுந்திரிச்சாரே, அதுதான் சாம்பியன். நான் அப்பவே..."

முடிதிருத்துநர் பேசாமல் கண்ணாடி ஓரத்துச் சீட்டை எடுத்து நீட்டினார். கடை முழுக்கக் கத்தரிகள் நின்றன. நம்மவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். தேதியையும் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இது நான் அந்தக் கொலம்பியக்காரனைப் பத்திச் சொன்னது."

அந்த ஆண்டு முடிவதற்குள் பிரெஸ்காட் இரண்டு முறை தோற்றார். உலகப் பட்டம் கடைசிவரை அவர் கைக்கு எட்டவில்லை. அப்பவே சொன்னவர் சொன்னது, வழக்கம்போல, பலித்துவிட்டது.