ஊசியற்றது: மண்டகப்பட்டுக் கல்வெட்டுக்கு ஒரு பின்னுரை

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில், மண்டகப்பட்டுப் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயில் எடுத்தான். காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அங்குள்ள கல்வெட்டு, கோயிலில் எவை இல்லை என்பதை முதலில் சொல்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. இவை ஏதுமின்றி விசித்திரசித்தன் என்னும் அரசன் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் எடுத்த இலக்ஷிதாயதனம் என்பது அதன் செய்தி. இல்லாதவற்றை எண்ணிக் காட்டி ஒரு பொருளை விளக்கும் இம்முறை சிறந்தது. டி.என்.ஏ. தடுப்பூசியை விளக்க இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தடுப்பூசியில் கிருமி இல்லை, உயிருள்ளதும் இல்லை, செத்ததும் இல்லை. கிருமியின் புரதம் இல்லை. 2021 ஆகஸ்ட் 20 அன்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலர் அவசரப் பயன்பாட்டுக்கு அனுமதித்த 'ஸைகோவ்-டி'யில், வீரியம் கூட்டுவதற்கான அலுமினிய உப்பும் இல்லை, ஊசியும் இல்லை. அகமதாபாத்தின் ஸைடஸ் கேடிலா உருவாக்கிய இது, மனிதருக்கென உலகில் முதன்முதலாக அனுமதி பெற்ற டி.என்.ஏ. தடுப்பூசி. முதலில் இதை வழங்கத் தேர்ந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இருப்பது ஒன்றே: பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ டி.என்.ஏ. கொரோனா வைரஸின் முள்புரதத்துக்கான மரபணுவை அதில் வைத்துப் பாக்டீரியாவில் பெருக்கி எடுக்கிறார்கள். அது நம் செல்லுக்குள், அதிலும் உட்கருவுக்குள், போய்ச் சேர்ந்தால் செல்லே அந்தப் புரதத்தைச் செய்யும். உடல் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

இங்கே ஒரு தடை எழும். செங்கல், மரம், உலோகம், சுதை நான்கும் இல்லையென்றால் மண்டகப்பட்டுக் கோயிலை ஆக்கியது எது?

விடை: உளி. உலோகமற்ற அந்தக் கோயிலை உண்டாக்கியது இரும்பு. வேலை முடிந்ததும் அது வெளியேறிவிட்டது. டி.என்.ஏ. தடுப்பூசியில் உளியின் இடத்தில் இருப்பது செலுத்தும் கருவி. தடுப்பாற்றலின் அளவையும் தன்மையையும் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது என்பது என் துணிபு. மரபணுவைப் பற்றி எழுதியவர்கள் பலர். கருவிக்கு உரிய மரியாதை இன்னும் கிடைக்கவில்லை.

வரலாறு என் பக்கம் நிற்கிறது. 1990-ல் விஸ்கான்சினில் ஜான் உல்ஃபும் உடனிருந்தோரும் எலியின் தசையில் வெறும் டி.என்.ஏ.வைச் செலுத்தினார்கள்; தசை அந்தப் புரதத்தைச் செய்தது. 1992-ல் டாங், டி விட், ஜான்ஸ்டன் மூவரும், டி.என்.ஏ. பூசிய நுண்ணிய பொன் துகள்களை எலியின் காதுத்தோலுக்குள் சுட்டார்கள்; எதிர்ப்பொருள்கள் பிறந்தன. ஜான் சான்ஃபோர்டு குழு கார்னெல் பல்கலைக்கழகத்தில் வெங்காயச் செல்களைச் சுடுவதற்கென்று துப்பாக்கித் தோட்டாவை வைத்து அமைத்த கருவியின் வழிவந்தது இந்த மரபணுத் துப்பாக்கி. 1993-ல் ஃப்ளூ வைரஸின் உட்புறப் புரதத்துக்கான மரபணுவைத் தசையில் பெற்ற எலிகள், வேறு வகை ஃப்ளூவையும் தாங்கின. பாதித்த செல்லைத் தேடிக் கொல்லும் டி செல்கள் அங்கே விழித்திருந்தன.

இவற்றுள் நான் தலையாயதாகக் கருதுவது 1997-ல் ஃபெல்ட்குவேட்டும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வு. ஒரே மரபணுவை உப்புநீரில் கலந்து ஊசியால் தந்தபோது, தசையில் தந்தாலும் தோலில் தந்தாலும், செல்வழித் தற்காப்பைத் தூண்டும் முதல் வகை உதவி டி செல்களே ஓங்கின. துப்பாக்கியால் தந்தபோது, எந்த இடத்தில் சுட்டாலும், எதிர்ப்பொருள் பக்கம் சாயும் இரண்டாம் வகை ஓங்கியது. மருந்து ஒன்று, விலங்கு ஒன்று, மாறியது கருவி. உப்புநீரில் செல்லுக்கு வெளியே மிதக்கும் ஏராளமான டி.என்.ஏ.வில் பாக்டீரியாவுக்கே உரிய வரிசைகள் உள்ளன, அவை உடலை உசுப்புகின்றன. துப்பாக்கி சிறிதளவை நேரே செல்லுக்குள் வைத்துவிடுகிறது. இது ஒரு விளக்கம்.

எலியில் வென்றது மனிதரில் மெலிந்தது. தசையில் ஊசியால் இட்ட டி.என்.ஏ.வில் பெரும்பகுதியை நொதிகள் வெளியிலேயே சிதைத்துவிடும். செல்சவ்வில் நொடிப்பொழுது துளை திறக்க மின்துடிப்பு தரும் முறை வந்தது. பலன் பன்மடங்கு கூடியது, ஆனால் தசை சுண்டி வலிக்கும். ஊருக்கெல்லாம் போட அது உதவாது.

ஸைகோவ்-டி தேர்ந்தது தோலை. அங்கே அந்நியப் பொருளைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டும் டென்ட்ரிடிக் செல்கள் மிகுதி. ட்ராபிஸ் என்ற சுருள்வில் கருவி, மெல்லிய திரவத்தாரையை ஏறத்தாழ பத்தில் ஒரு நொடியில் தோலுக்குள் பாய்ச்சும். ஒரு தவணைக்கு 2 மில்லிகிராம், இரண்டு கைகளிலும் ஒவ்வொரு தாரை. 0, 28, 56 ஆம் நாட்களில் மூன்று தவணை. 2022-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவின்படி நோய்க்கெதிரான பாதுகாப்பு 66.6 சதவீதம், அதுவும் டெல்டா அலையின் காலத்தில்.

மற்றொரு தடை: தாரை முறை பழையதாயிற்றே, ஏன் கைவிட்டார்கள்? உண்மை. பெரியம்மைக் காலத்தில் ஒரே முனையால் ஊர் முழுவதற்கும் போட்டார்கள். பின்னால், 1980களில், கலிஃபோர்னியாவில் ஓர் எடைக் குறைப்பு மருத்துவ மையத்தில் அத்தகைய கருவி வழியே மஞ்சள்காமாலை 'பி' பரவியது. இப்போது தோலைத் தொடும் பகுதி ஆளுக்கொன்று, போட்டதும் எறியப்படுவது. அதற்கும் விலை உண்டு. 2021 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு கோடி தவணைக்கு ஒப்பந்தம் செய்தபோது, வரி நீங்கலாக, மருந்து 265 ரூபாய், செலுத்துவதற்கு 93 ரூபாய். மொத்தத்தில் கால்பங்குக்கு மேல் உளிக்கூலி. அந்தக் கூலி நியாயமானது என்றே கருதுகிறேன்.

இனி, இத்தகைய தாரைக் கருவியைக் கையாளும் கிராமச் செவிலியருக்கு ஒரு சொல். கருவியைத் தோலுக்குச் செங்குத்தாக, அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். சாய்ந்தால் திரவம் மேலே வழியும்; வழிந்த பங்கு தடுப்பாற்றல் தராது. அதனால் ஒவ்வொருவருக்கும் போட்டபின் அந்த இடத்தில் ஈரம் நிற்கிறதா என்று பார்ப்பதைப் பயிற்சியின் முதல் பாடமாக வைக்க வேண்டும், மரபணு பற்றிய பாடத்துக்கும் முன்னால்.